கூழ் யாருடைய உணவு? ஆடி அண்டாவுக்குள் இருக்கும் வரலாறு

ஆடி பிறந்துவிட்டால் செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர், இராணிப்பேட்டை, வேலூர், திருவண்ணாமலை என்று வட தமிழகம் முழுக்கத் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். சென்னையிலும் வியாசர்பாடி, புளியந்தோப்பு, மயிலாப்பூர் குப்பங்கள் என எங்கும் வேப்பிலைத் தோரணம்தான். கோடை வெயில் முழுதாக இறங்கியிருக்காது. காப்பு கட்டி, பம்பை உடுக்கையோடு அம்மனை வர்ணித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் கூழ் ஊற்றுவார்கள். சித்திரை, வைகாசியிலேயே ஊற்றிவிடுகிற ஊர்களும் உண்டு.

இன்று இந்தத் திருவிழாவுக்கு ஒரு புது மரியாதை வந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டை ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து, கூழ் 'பாரம்பரிய உணவு' ஆகிவிட்டது. 'நம் முன்னோர் அறிவு', 'மறந்துபோன மரபு' என்று காணொளிகள் வருகின்றன. நட்சத்திர விடுதிகளில் மண்குவளையில் கேழ்வரகுக் கூழ் தருகிறார்கள். நல்லது, குடிக்கட்டும். ஆனால் 'நம் முன்னோர்' என்கிறார்களே, யாருடைய முன்னோர்? அந்தக் கூழை ஊற்றியவர் யார், ஏந்திக் குடித்தவர் யார்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் கூழின் வரலாற்றை எழுத முடியாது.

கூலியாக வந்த கூழ்

கூழ் காய்ச்சத் தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். கேழ்வரகு மாவை முதல் நாளே தண்ணீரில் கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். மறுநாள் அரிசி நொய்யைக் குழைய வேகவிட்டு, அதில் இந்த மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறியதும் கெட்டியாகிவிடும். அதிலிருந்து எடுத்து, தண்ணீரோ மோரோ விட்டு உப்புப் போட்டுக் கையால் கரைத்தால் கூழ். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய், முருங்கைக்கீரை, வசதி இருந்தால் கருவாட்டுக் குழம்பு. கம்பிலும் இப்படிக் காய்ச்சுவதுண்டு.

இந்தச் செய்முறையிலேயே ஒரு வாழ்க்கை தெரிகிறது. முழு அரிசி இல்லை, நொய்தான் இருக்கிறது. தினமும் அடுப்பு மூட்ட விறகும் இல்லை, நேரமும் இல்லை. ஒருமுறை காய்ச்சியது இரண்டு மூன்று வேளைக்கு வர வேண்டும், கெடக்கூடாது. விடிவதற்கு முன்பே ஏர் ஓட்டவும் நாற்றுப் பிடுங்கவும் போகிறவர்கள் கரைத்துக் குடித்துவிட்டு ஓட வேண்டும். உழைக்கும் மக்களின் நெருக்கடியிலிருந்து பிறந்த அறிவு இது. அதைக் கண்டுபிடித்தவர்கள் நம் பாட்டிகள்.

ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த செங்கல்பட்டுப் பகுதியில், அந்த நெல்லை விளைவித்தவர்கள் நெல்லுச்சோறு தின்னவில்லை. நெல் மிராசுதாரின் களஞ்சியத்துக்கும், வரியாகவும் விற்பனைக்கும் போயிற்று. பண்ணையாளுக்கும் படியாளுக்கும் அளந்து போட்ட கூலி பெரும்பாலும் தானியம். 'படி' அளந்து வாங்குகிறவன் என்பதே படியாள் என்ற பெயரின் பொருள். வேலை நாளில் ஆண்டை வீட்டுக் கொல்லைப்புறத்தில் கூழோ கஞ்சியோ ஊற்றுவார்கள். அது கூலியின் ஒரு பகுதி. ஆனால் அது பிச்சை போடுகிற மாதிரியே ஊற்றப்பட்டது. நின்றுகொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவார்கள், கீழே குனிந்து கொட்டாங்கச்சியிலோ பனையோலைப் பட்டையிலோ சொந்த மண்சட்டியிலோ ஏந்த வேண்டும். ஊற்றுகிற பாத்திரம் ஏந்துகிற பாத்திரத்தின் மேல் பட்டுவிடக்கூடாது.

பாமாவின் 'கருக்கு' (1992) படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஆண்டை வீட்டில் வேலை செய்துவிட்டு மிச்சச் சோற்றை வாங்கி வரும் பாட்டியும், பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் நூலைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுக்கும் பெரியவரும் அந்த நூலில் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளைக்கு முன்னோடி அந்தக் கொல்லைப்புறத்துக் கொட்டாங்கச்சிதான்.

சட்டம் என்ன செய்தது? 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமைமுறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்றது. ஆனால் குடிசை போட்டிருக்கும் மனையே மிராசுதாருடையது என்றால் யாரை எதிர்த்துப் பேச முடியும்? செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர், 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதிய அறிக்கை இதைத்தான் எடுத்துச் சொன்னது. குடியிருக்கும் இடத்தைக் காட்டி மிரட்டியே உழைப்பைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள், இவர்களுக்குச் சொந்த நிலம் வேண்டும் என்பது அதன் சாரம். அதன் விளைவாக 1892 செப்டம்பரில் வந்த அரசாணையே பஞ்சமி நிலத்துக்கு அடிப்படை. சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒதுக்கப்பட்டதாகத் தலித் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்று கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள்.

கூழ் ஊற்றுவதற்குப் பேர்போன அதே செங்கல்பட்டு மண்ணில்தான் இது நடந்தது. நிலம் இருந்தவனுக்கு நெல்லும் நிலம் இல்லாதவனுக்குக் கூழும் என்று பிரித்துப்போட்டது சாதி.

பஞ்சத்தின் கஞ்சித் தொட்டி

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைத் தின்ற தாது வருஷப் பஞ்சம் பற்றி நம் ஊர்க் கிழவிகளுக்கு அவர்களுடைய பாட்டிகள் சொல்லியிருப்பார்கள். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் 50 லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள் என்பது பஞ்சக் கமிஷனே ஒப்புக்கொண்ட கணக்கு. முதலில் செத்தவர்கள் நிலமில்லாத கூலிகள். விதைப்பு இல்லை என்றால் வேலை இல்லை, வேலை இல்லை என்றால் படி இல்லை. களஞ்சியம் வைத்திருந்தவனைப் பஞ்சம் கடைசியில்தான் எட்டியது.

அந்த நேரத்தில் சென்னைக்கு அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலையில் கல் உடைத்து மண் சுமந்தவர்களின் கூலியைக் குறைத்தார். நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு, கூடவே சொற்பக் காசு. இவ்வளவு குறைவாகத் தின்று உழைக்க முடியாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச காலத்தில் நிவாரணக் கூலிகளால் வெட்டப்பட்டது. இன்று பறக்கும் ரயிலில் அந்தக் கால்வாயை ஒட்டிப் போகும் மாணவர்கள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். ஒரு பவுண்டு தானியத்துக்கு வெட்டிய கால்வாய் அது.

உழைக்கவும் முடியாதவர்களுக்குக் கஞ்சித் தொட்டி திறந்தார்கள். 'கஞ்சித் தொட்டி' என்ற சொல் தமிழில் இன்றும் பட்டினியின் கடைசிப் படியைக் குறிக்கிறது. அங்கேயும் சாதி வந்து உட்கார்ந்துகொண்டது. யார் சமைப்பது, யார் பக்கத்தில் யார் உட்காருவது என்ற கேள்வி சாவுக்கு நடுவிலும் ஓயவில்லை. இதற்கு மிகத் தெளிவான சாட்சி ஒடிசாவில் இருக்கிறது. 1866 பஞ்சத்தில் நிவாரணச் சத்திரங்களில் சமைத்த சோற்றை உண்டு உயிர் பிழைத்தவர்களை அவரவர் சாதிகள் விலக்கி வைத்தன. அப்படி விலக்கப்பட்டவர்கள் 'சத்திரத்தில் உண்டவர்கள்' என்ற பெயரிலேயே ஒரு தனிச் சாதியாக ஆனார்கள். பசி சாதியை அழித்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பசியிலிருந்து ஒரு புதிய சாதியையே உண்டாக்கிவிட்டது இந்தச் சமூகம்.

அம்மனின் உடம்பு யாருடையது?

கூழ்த் திருவிழாவுக்குச் சொல்லப்படும் கதை உங்களுக்குத் தெரியும். ஜமதக்கினியின் மனைவி ரேணுகா. கணவன் சொல்லைக் கேட்டு மகன் பரசுராமன் தாயின் தலையை வெட்டுகிறான். பிறகு உயிர்ப்பிக்கும் வரம் கிடைக்கிறது. அவசரத்தில் தாயின் தலையைச் சேரிப் பெண் ஒருத்தியின் உடம்பில் ஒட்டிவிடுகிறான். அவளே மாரியம்மன். கதை இன்னொரு இடத்துக்கும் போகிறது. தீயில் இறங்கிய ரேணுகா மழையால் பிழைத்து, உடலெங்கும் கொப்புளத்தோடு, வேப்பிலையைச் சுற்றிக்கொண்டு, பசியோடு எளிய மக்களின் குடியிருப்புக்கு வருகிறாள். அவர்கள் வீட்டில் இருந்ததைக் கொடுக்கிறார்கள்: மாவு, வெல்லம், இளநீர், கூழ். அதன் நினைவாகவே கூழ் ஊற்றுகிறோம் என்பார்கள்.

இது நேற்று கட்டிய கதை அல்ல. பிரெஞ்சுப் பயணி சொன்னரா 1782இல் வெளியிட்ட பயண நூலில், தலை ஒரு சாதி, உடம்பு பறைச்சி என்ற 'மாரியாத்தாள்' கதை பதிவாகியிருக்கிறது. அதை வைத்து ஜெர்மனியின் கவிஞர் கெத்தே 'பறையர்' என்ற பெயரில் கவிதைகள் எழுதி 1824இல் வெளியிட்டார். ஐரோப்பாவின் பெருங்கவிஞருக்கு உறுத்திய விஷயம், பக்கத்துத் தெருக்காரருக்கு உறுத்தவில்லை.

இந்தக் கதையை இரண்டு விதமாகப் படிக்கலாம். தலைக்கு மரியாதை, உடம்புக்குத் தீட்டு என்ற பார்ப்பனியப் பாகுபாட்டை அம்மன் மேலேயே ஏற்றிவிட்டார்கள் என்பது ஒன்று. பல கோயில்களில் தலையை மட்டும் வைத்து வழிபடுவதைப் பார்க்கும்போது இந்த வாசிப்பு சரியென்றே படுகிறது. இரண்டாவது வாசிப்பு நமக்கு முக்கியமானது. உயிர் தந்த உடம்பு சேரியுடையது, பசிக்கு உணவு தந்த கையும் ஊருக்கு வெளியே இருந்தவர்களுடையது. அம்மன் வாங்கி உண்டவள், நாம் கொடுத்தவர்கள். கொல்லைப்புறத்தில் குனிந்து ஏந்தியவர்கள் இந்தக் கதையில் நிமிர்ந்து நின்று ஊற்றுகிறார்கள்.

சடங்கிலும் இதன் தடம் இருக்கிறது. சென்னையின் கருப்பர் நகரத்துக் காவல் தெய்வமான ஏகாத்தாளுக்கு ஆண்டுத் திருவிழாவில் தாலி கட்டும் உரிமை ஒரு பறையருக்கே இருந்ததை வால்ஹவுஸ் என்ற ஆங்கில அதிகாரி 1870களில் எழுதியிருக்கிறார். திருவாரூர்த் திருவிழாவில் பறையர் தலைவர் யானையேறி வந்ததையும் அவர் பதிவு செய்கிறார். ஆண்டுக்கு ஒரு நாள் மரியாதை, மற்ற நாளெல்லாம் தீட்டு என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் வழிபாட்டுக்குள் நாம் வெளியிலிருந்து வந்தவர்கள் இல்லை என்பதற்கு இவை சான்று.

அயோத்திதாசப் பண்டிதர் இன்னும் ஒரு படி மேலே போனார். 1907இல் அவர் தொடங்கிய இதழில் எழுதிய காலத்தில், அம்மன் வழிபாட்டை அம்பிகை என்னும் பௌத்தப் பிக்குணியின் நினைவாக விளக்கினார். வைசூரிக்கு வேப்பிலை மருத்துவம் சொன்ன ஒரு பெண்ணை மக்கள் தெய்வமாக்கினார்கள் என்பது அவர் வாதம். வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் பிறர் எழுதிய புராணத்துக்குள் நம் இடத்தைத் தேடுவதை விட்டு, நம் சடங்குக்கு நாமே பொருள் சொல்லும் துணிச்சலை அவரிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். வைசூரி வேனிலில் உச்சத்தில் பரவிய நோய். அந்த நாளில் வேப்பிலையும் குளிர்ந்த கூழும் மக்கள் கைக்கு எட்டிய மருந்து. இந்தியாவில் வைசூரி 1975இல் முடிவுக்கு வந்தது. தீண்டாமைக்கு அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950லேயே முடிவு எழுதிவிட்டது. எந்த நோய் போயிற்று, எந்த நோய் இருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம்.

ஒரே அண்டாவா?

கூழ் ஊற்றும் சடங்கில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் கூழ் காய்ச்சிக் குடத்தில் எடுத்து, வேப்பிலை கட்டித் தலையில் சுமந்து வருவார்கள். கோயில் வாசலில் பெரிய அண்டாவில் எல்லாவற்றையும் ஒன்றாக ஊற்றிக் கலப்பார்கள். பிறகு எது யார் வீட்டுக் கூழ் என்று அம்மனாலும் பிரிக்க முடியாது. அதை எல்லோரும் வாங்கிக் குடிப்பார்கள்.

சாதியின் உயிர்நாடி எங்கே இருக்கிறதோ அங்கேயே கை வைக்கிற சடங்கு இது. எனவேதான் சாதி அதற்கு ஒரு எல்லை போட்டது. ஊர்த் தெருக்களின் கூழ் ஊர் அண்டாவில், சேரியின் கூழ் சேரி அண்டாவில். ஊரில் ஒரு மாரியம்மன், சேரியில் ஒரு மாரியம்மன். ஊர்க்கோயிலில் ஊற்றும்போது சேரி மக்களை வரிசையின் கடைசியில், தள்ளி நிற்கவைத்து ஊற்றிய ஊர்கள் உண்டு. ஆனால் சேரியில் ஊற்றும் கூழை வாங்கிக் குடிக்க ஊர்த் தெருக்காரர்கள் சொம்போடு வந்தார்களா? சமத்துவத்துக்கான சோதனை இங்கேதான் இருக்கிறது. நமக்குக் கொடுக்கிறார்களா என்பது பாதிக் கேள்வி. நாம் கொடுத்தால் வாங்குகிறார்களா என்பதே முழுக் கேள்வி.

அம்பேத்கர் இதைத் துல்லியமாகப் புரிந்துவைத்திருந்தார். 1927 மார்ச்சில் மகாட்டின் சவதார் குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டு வந்த தோழர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டார்கள், அவர்களுடைய உணவு மண்ணில் கொட்டி மிதிக்கப்பட்டது. 1936இல் வெளியான 'சாதி ஒழிப்பு' நூலில் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் சக்வாரா கிராமத்து நிகழ்ச்சியை அவர் எடுத்துக்காட்டுகிறார். புனித யாத்திரை போய்வந்த ஒரு தீண்டப்படாதவர் தன் சாதியினருக்கு விருந்து வைத்தார். சொந்தக் காசு, சொந்த விருந்தினர். அதில் நெய் இருந்தது என்பதற்காக ஆதிக்க சாதியினர் தடியோடு வந்து பந்தியை நாசம் செய்தார்கள். நெய் உண்ணும் தகுதி உனக்கு இல்லை என்பதே காரணம். எதைத் தின்ன வேண்டும் என்பதையும் சாதி தீர்மானித்தது. கூழைத் தின்னவேண்டியவர் நெய்யைத் தின்றால் அடி, வெண்மணியில் நெல்லைக் கூடுதலாகக் கேட்டால் நெருப்பு. கூலி உயர்வுக்கான அந்தப் போராட்டத்தின் முடிவில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரிக்கப்பட்டார்கள்.

சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி ஒழியாது என்று அதே நூலில் அம்பேத்கர் எச்சரிக்கிறார். அது உண்மை. ஆனால் சேர்ந்து உண்ணவே மறுக்கும் இடத்தில் வேறு எதையும் தொடங்கவும் முடியாது. சுதந்திர தினத்தன்று பெரிய கோயில்களில் அரசு பொதுவிருந்து நடத்துகிறது. ஆகஸ்ட் 15 ஆடி மாதத்தில்தான் வருகிறது. அமைச்சர்கள் பந்தியில் உட்காரும் அதே மாதத்தில், கிராமத்து மாரியம்மன் கோயிலின் அண்டா எத்தனை என்று எந்த அதிகாரியும் எண்ணுவதில்லை.

நிலைமை பழங்கதை ஆகிவிடவில்லை. திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அதுவும் போலீஸ் காவலோடு. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் உள்ளே போன தலித் இளைஞர்கள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டார்கள். ஜூனில் அரசு கோயிலையே பூட்டிச் சீல் வைத்தது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில், தலித் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று பள்ளிச் சத்துணவுக்கூடத்தை மறித்தார்கள். அண்டா பள்ளிக்கூடத்துக்கு வந்தாலும் பழைய கேள்விதான் கூடவே வருகிறது: கலக்குகிற கை யாருடையது?

சிறுதானியப் பெருமையும் நமது வேலையும்

100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது மிகச் சொற்பம். இதைச் சொல்லி இன்று கேழ்வரகை விலை உயர்த்தி விற்கிறார்கள். ஒரு காலத்தில் 'கூழ் குடிக்கிறவன்' என்பது வசை. நம் பெற்றோர் தலைமுறை அரிசிச் சோற்றுக்கு ஆசைப்பட்டது நாவின் ருசிக்காக மட்டும் இல்லை. நெல்லுச்சோறு என்பது ஆண்டையின் சோறு. நியாயவிலைக் கடை அரிசி சேரிக்குள் வந்தபோது, அதோடு ஒரு விடுதலையும் வந்தது. இனி ஆண்டை வீட்டுக் கொல்லைப்புறத்தில் நிற்கத் தேவையில்லை என்ற விடுதலை. இந்த வரலாறு தெரியாமல், 'ரேஷன் அரிசி தின்று சோம்பேறி ஆகிவிட்டார்கள், பழைய உணவுக்குத் திரும்புங்கள்' என்று நமக்கு உபதேசம் செய்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கூழை வெறுக்கச் சொல்லவில்லை. அது நம்முடைய அறிவு, நம் பெண்களின் கைப்பக்குவம். பிறர் பெயரில் அதைப் பட்டியலிட விடக்கூடாது என்கிறேன். 'தமிழர் பாரம்பரியம்' என்ற பொதுப் பெயரின் கீழ் கொட்டாங்கச்சி மறைந்துபோகக்கூடாது.

எனவே இந்த ஆடிக்கு மாணவர்களும் இளம் தோழர்களும் ஒரு வேலை செய்யலாம். ஊருக்குப் போனால் கூழ் குடித்துவிட்டுப் படம் எடுத்துப் போடுவதோடு நிற்காதீர்கள். கைப்பேசியில் பாட்டியின் குரலைப் பதிவு செய்யுங்கள். ஆயா, அந்தக் காலத்தில் உனக்குக் கூலியாக என்ன அளந்தார்கள்? எந்தப் பாத்திரத்தில் ஊற்றினார்கள்? எங்கே நின்று வாங்கினாய்? நம் தெருக் கூழை அவர்கள் குடித்ததுண்டா? முதன்முதலில் யார் ஏந்த மறுத்தது? இந்தக் கடைசிக் கேள்விக்கு எல்லா ஊரிலும் ஒரு பெயர் இருக்கும். எந்த ஆவணக் காப்பகத்திலும் அந்தப் பெயர் இருக்காது. அதை எழுதி வையுங்கள்.

பொதுக்கோயிலில் இன்றும் தனி வரிசை, தனி அண்டா என்றால், அது 'ஊர் வழக்கம்' இல்லை, குற்றம். பொது வழிபாட்டிடத்தில் நுழைவதையும் திருவிழா ஊர்வலத்தில் பங்கேற்பதையும் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. தேதி, இடம், சாட்சி மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு, தனியாகப் போகாமல் சேர்ந்து போய்ப் புகார் கொடுங்கள்.

நம் தெருவில் கூழ் ஊற்றும் நாளில் ஊர்த் தெருவில் இருக்கும் உங்கள் கல்லூரி நண்பர்களையும் கூப்பிடுங்கள். வருகிறவர் வரட்டும், வராதவர் ஏன் வரவில்லை என்பது அவருக்கே தெரியட்டும். பசியோடு வந்த அம்மனுக்கே சொம்பில் ஊற்றிக் கொடுத்தவர்கள் நாம். அந்தச் சொம்பை நீட்டும்போது நம் கை நடுங்க வேண்டியதில்லை.